நீலகிரிச் சரிவில் இருநூறு கிலோ: ஹிமாலயன் 411 வாங்கலாமா?

கேள்வி: "கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) குடியிருக்கிறேன். வேலை குன்னூரில். இப்போது 110 சிசி வண்டி ஓட்டுகிறேன். குன்னூரில் ஒருவர் 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ ஒன்றரை லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். 28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கோவைப் பதிவெண். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். மனைவியோடு நீண்ட பயணம் போக ஆசை. என்றாவது ஒருநாள் லடாக்கும் போக வேண்டும். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் எடை அதிகம், இழுவை போதாது, டியூப் டயர், இப்போது தயாரிப்பிலேயே இல்லை என்று தடுக்கிறார்கள். 110-ஐ விற்றுவிட்டு இதை வாங்கலாமா?"

வாங்கலாம், தம்பி. ஆனால் 110-ஐ விற்காமல் வாங்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். அதை விற்றுத்தான் பணம் புரட்ட வேண்டும் என்றால் இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள். மலையில் பட்டறை வைத்து இந்த வண்டிகளைத் தினமும் தொடுகிறவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். உங்களைத் தடுக்கிறவர்கள் அடுக்கும் குறைகளில் பாதி, கோவை சேலம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு உரியவை. நம் மலையில் உண்மையாகவே படுத்தும் குறை ஒன்று உண்டு. அதை அவர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதலில் இழுவையைப் பார்த்துவிடுவோம். இந்த வண்டியின் திறன் 24.3 குதிரைத்திறன், முறுக்குவிசை 32 நியூட்டன் மீட்டர். 411 சிசிக்கு இது குறைவுதான். அதே காலத்தில் விற்ற 373 சிசி கேடிஎம் 390 அட்வெஞ்சர் 43 குதிரைத்திறன் தந்தது. மலையேறினால் இன்னும் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலின் அளவைக் காற்றுக்கேற்பக் குறைத்துக்கொள்ளும். இல்லாத ஆக்சிஜனை அதனால் கொண்டுவர முடியாது. ஆகவே ஊட்டியில் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 19 குதிரைத்திறன்.

இனி எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். வண்டி, நீங்கள், மனைவி, இரண்டு பை எல்லாம் சேர்த்து 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் செங்குத்தான சாலை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். இந்த எடையை மேலே தூக்க மட்டும் 5 குதிரைத்திறன் போதும். காற்றின் எதிர்ப்பு, டயர் உராய்வு, செயினில் வீணாவது எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் எட்டைத் தாண்டாது. ஊட்டியிலேயே பத்துக்கும் மேல் மிச்சம் இருக்கிறது. லடாக் கனவுக்கும் இதே கணக்கு பொருந்தும். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவில் என்ஜினின் திறன் பாதியாகிவிடும். அப்போதும் 12 இருக்கும். திணறும், ஆனால் ஏறிவிடும்.

அதைவிட முக்கியம், என்ஜின் எந்த வேகத்தில் சுழலும்போது இழுவை கிடைக்கிறது என்பது. 411-இல் முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுற்றுக்குள் வந்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் வேகம் முற்றிலும் இறங்கி, இரண்டாம் கியரில் மெல்ல ஆக்சிலேட்டரைத் திருகும்போது, தடுமாறாமல் எழுந்து வரும். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இந்த என்ஜினைப் பிடிக்கும். 120-இல் ஓட வேண்டும், நெடுஞ்சாலையில் காரை முந்த வேண்டும் என்றால் இது ஏற்ற வண்டி இல்லை. மணிக்கு 80 முதல் 90 வரை ஓட்டிக்கொண்டு, வழியில் டீ குடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவருக்கு இழுவை ஒரு குறையே இல்லை.

எடைதான் குறை. 199 கிலோ. உங்கள் 110 சுமார் 110 கிலோ இருக்கும். ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர்தான், எடையும் கீழே இறங்கி அமைந்திருப்பதால் ஓட்டம் நிதானமாக இருக்கும். நிற்கும்போதுதான் தெரியும். அதுவும் சமதரையில் இல்லை, சரிவில் நிற்கும்போது. ஷோரூம் வாசலில் இரண்டு கால் விரல்களும் தரையில் படுகின்றன என்று மகிழ்ந்து வாங்கியவர்கள், வீட்டுக்கு இறங்கும் கான்கிரீட் சாலையில் முதல் வாரமே வண்டியைச் சாய்த்துவிட்டு வருகிறார்கள். நம் ஹட்டிகளுக்கு இறங்கும் சாலைகளை நினைத்துப் பாருங்கள். குறுக்கே கோடு கீறிய கான்கிரீட், ஒரு ஜீப் அகலம், ஓரத்தில் திறந்த வாய்க்கால், ஆடி மாதத்தில் பச்சைப் பாசி. அங்கே எதிரே ஒரு பிக்கப் ஏறி வருகிறது. மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே நீங்கள் நிற்க வேண்டும். வலது கால் பின் பிரேக்கில் இருக்கிறது. அதை எடுக்க முடியாது. இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். ஆனால் சாலை இடது பக்கம் வாய்க்காலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஷோரூமில் எட்டிய கால் இங்கே நான்கு விரற்கடை எட்டாது. வண்டி ஓரளவுக்குமேல் சாய்ந்துவிட்டால் 199 கிலோவை ஒரு காலால் நிறுத்த எவராலும் முடியாது.

இதற்கு வழி இருக்கிறது, பழக வேண்டும். சாலை எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கக் காலை ஊன்றுவது, நிற்பதற்கு முன்பே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது, வலது காலை ஊன்ற நேர்ந்தால் முன் பிரேக்கையும் முதல் கியரையும் நம்புவது. உயரம் குறைந்த பலர் இதைப் பழகி, என்னைவிட நன்றாக ஓட்டுகிறார்கள். ஆனால் மனைவி பின்னால் அமர்ந்திருக்கும்போது இதே நிலைமை வந்தால் எப்படி என்பதையும் யோசியுங்கள்.

இன்னொன்று, வண்டியைத் திருப்புவது. பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோத்தகிரியைச் சுற்றிக் காட்டுமாடு எந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் சாலையில் இறங்கும். மாலையில் ஒரு வளைவைத் தாண்டியதும் முன்னால் யானை நின்றால், என்ஜின் திறன், விளக்கு, பிராண்ட் எதுவும் கணக்கில் வராது. அந்த அகலத்தில், அந்தச் சரிவில், வண்டியைத் திருப்ப எத்தனை முறை முன்னும் பின்னும் உருட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் கணக்கு. 110-ஐ ஒரே திருப்பில் திருப்பிவிடுவீர்கள். 411-ஐ மேல்நோக்கிய சரிவில் பின்னால் விட்டு, பிரேக் பிடித்து, முன்னால் ஏற்றி, மறுபடி பின்னால் விட வேண்டும். இதைத் தனியாக, பதற்றமில்லாமல் செய்ய முடிகிறதா என்பதுதான் இந்த வண்டியை நீங்கள் வாங்கலாமா என்பதற்கான தேர்வு. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது குன்னூர்க் கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். விற்கிறவரிடம் அனுமதி கேட்டு, வண்டிச்சோலை தாண்டிக் கட்டபெட்டு வரை ஓட்டி, ஏதாவது ஒரு ஹட்டிச் சாலையில் இறங்குங்கள். பாதிச் சரிவில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, இறங்கி, பக்கத்தில் நின்று உருட்டித் திருப்புங்கள். பிறகு மேலே அமர்ந்து திருப்புங்கள். மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தது என்றால் வாங்கத் தயங்க வேண்டாம். கை நடுங்கினால், மூச்சு வாங்கினால், வெட்கப்படாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடை குறைந்த நல்ல வண்டிகள் இருக்கின்றன, அதற்கும் வருகிறேன்.

110-ஐ விற்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். தினமும் குன்னூருக்குப் போய்வர, மழையில் பால் வாங்கக் கடைக்கு ஏற, அந்த வண்டிதான் சரி. 411-ஐத் தினசரி வேலைக்கு இழுத்தால் ஆறே மாதத்தில் அதன்மேல் சலிப்பு வரும். பயணத்துக்கு என்று வாங்கிய வண்டி பயணம் போகாமலே விற்பனைக்கு வரும். மைலேஜும் லிட்டருக்கு 30-ஐ ஒட்டித்தான்.

இறங்கும்போது எடை இன்னொரு வடிவில் கேட்கும். கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர். இருவரும் சாமானுமாக 350 கிலோ அந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், பதினைந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் வாங்க வேண்டும், அல்லது பிரேக் வாங்க வேண்டும். என்ஜினிடம் கொடுங்கள். நீளமான ஸ்ட்ரோக் கொண்ட ஒற்றை சிலிண்டர் இது. இரண்டாம் கியரில் விட்டால் நன்றாகவே பிடித்து நிறுத்தும். நான்காம் கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்களின் வண்டியைப் பட்டறையில் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். பின் டிஸ்க்கின் ஓரம் நீலம் பூத்திருக்கும், பேட் கண்ணாடி போல் மின்னும். பிரேக் ஆயிலும் இதில் சேர்ந்த விஷயம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155-க்கு வந்துவிடும். கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி, லீவர் பஞ்சாக உள்ளே போகும். நம் மூடுபனியில் ஈரம் சீக்கிரம் ஏறும். எந்த ஆண்டு மாற்றினார் என்று விற்கிறவருக்குத் தெரியாவிட்டால், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். செலவு மிகக் குறைவு.

டியூப் டயர் உண்மையான குறை. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மஞ்சூரைத் தாண்டிக் கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் நாற்பதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவுகள். காட்டுக்கு நடுவே பஞ்சர் கடை கிடையாது. இந்த வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் நிறுவனமே தந்திருப்பது பெரிய உதவி. இரண்டு அளவிலும் ஒவ்வொரு டியூப், டயர் லீவர், சிறிய பம்ப் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள். 21 அங்குல முன் சக்கரமும் ஸ்போக்கும் கல்லும் குழியுமான சாலையில் தரும் நிதானத்துக்கு இந்தச் சிரமம் தகும் என்பது என் கருத்து.

தயாரிப்பு நின்றுவிட்டதே என்பதற்கு அவ்வளவு கவலை வேண்டாம். 2016-இல் வந்து 2023 வரை ஓடிய மாடல் இது. ஏராளமான வண்டிகள் சாலையில் இருக்கின்றன. இதே என்ஜினின் பெரிதாக்கிய வடிவம் 2025-இல் வந்த ஸ்கிராம் 440-இல் இருக்கிறது. தொடக்க கால கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றிப் பலர் சொன்ன புகார்களைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு வருவது பிஎஸ் 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த மாடல். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இரு சக்கரத்திலும், மண்சாலையில் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி எல்லாம் உண்டு. தார்ச்சாலையில் அந்த பட்டனைத் தொடாதீர்கள். பெரிய வேலைக்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

வேறு வண்டி என்றால், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 160 கிலோ. உருட்டும்போது அந்த 40 கிலோ வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் இருக்கை 825 மில்லிமீட்டர். உங்கள் உயரத்துக்கு எட்டுமா என்று அமர்ந்துதான் பார்க்க வேண்டும். இருவரும் சாமானுமாக நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட அது கொஞ்சம் சிறிய வண்டி. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோ, இருக்கை 835. தார்ச்சாலைப் பயணத்துக்கு மூன்றிலும் மிக வசதியானது, கல்சாலைக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. புதிய ஹிமாலயன் 450 எல்லா வகையிலும் மேலான வண்டி, 40 குதிரைத்திறன். ஆனால் எடை 196 கிலோ, இருக்கை 825. அதாவது உங்கள் சிக்கல் அதில் தீரவில்லை, இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. தவிர 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்கு உட்பட்டவற்றுக்கு 18 சதவீதம். புதிதாக வாங்குகிறவருக்கு இது பெரிய இடைவெளி. பழைய 411-இன் மதிப்பும் ஓரளவு இதில்தான் இருக்கிறது.

சரி, சரிவுத் தேர்வில் தேறிவிட்டீர்கள், வண்டியும் பிடித்துவிட்டது. 28,000 கிலோமீட்டர் மலையில் ஓடிய வண்டியில் எதைப் பார்ப்பது?

முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். எங்கும் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். நேராக வரும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் உணர்ந்தால், பேரிங் அடி வாங்கியிருக்கிறது. பெரிய முன் சக்கரமும் குழிச் சாலையும் சேர்ந்தால் இது தேய்வது இயல்பு. அந்தப் பள்ளத்தோடு ஓட்டினால் நேர்ச்சாலையில் வண்டி தானாக இழுக்கும். மழையில் வளைவில் நம்பிக்கை போய்விடும். அடுத்து சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் என்று சத்தம் கேட்டால் தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் தளர்ச்சி போகும். பள்ளம் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள்.

முன் ஃபோர்க் குழாயில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. ஒவ்வொரு ஸ்போக்கையும் ஒரு சிறு ஸ்பேனரால் தட்டுங்கள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் தளர்ந்திருக்கிறது. செயின், ஸ்பிராக்கெட் பல், டயர் தேய்மானம் எல்லாம் உங்களுக்கே தெரியும். துரு பற்றிப் பயம் காட்டுவார்கள். சைலன்சரிலும் போல்ட் தலைகளிலும் மேலோட்டமாகத் துரு இருப்பது நம் ஈரத்துக்கு இயல்பு. சேஸிஸின் வெல்டிங் இணைப்புகளில் பெயின்ட் உரிந்து உப்பியிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். என்ஜினைக் காலையில், குளிர்ந்திருக்கும்போது உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இதற்குக் கிக்கர் கிடையாது. பேட்டரி தளர்ந்திருந்தால் தை மாதக் குளிரில் அது உங்களைக் கைவிடும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலஜன் விளக்கு என்று குறை சொல்வார்கள். மூடுபனியில் எந்த விளக்கானாலும் லோ பீமில்தான் ஓட்ட வேண்டும்; அதற்கு இது போதும்.

கடைசியாக, கோவைப் பதிவெண். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது; டிஎன் 43 வண்டிகளுக்கு விலக்கு. ஆர்சியை உங்கள் பெயருக்கும் முகவரிக்கும் மாற்றினாலும், அதே மாநிலம் என்பதால் எண் மாறாது. ஆகவே ஒவ்வொரு முறை மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போதும் சோதனைச் சாவடியில் கேள்வி வரலாம். உள்ளூர்வாசிக்கு என்ன ஏற்பாடு என்பதை முகவரிச் சான்றோடு ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உரிமை மாற்றத்துக்கு விற்கிறவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30, வண்டிமேல் கடன் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான நிதி நிறுவனத்தின் படிவம் 35 எல்லாம் கைக்கு வந்த பிறகு முழுப் பணத்தையும் கொடுங்கள். பரிவாகன் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று விற்கிறவரின் முன்னாலேயே பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அது மாறும்வரை மனைவியை ஏற்றிக்கொண்டு மலையிறங்க வேண்டாம்.